டீசல் பம்பைக் கழற்றும் முன் புகையைப் பாருங்கள்

கேள்வி: வத்தளையில் எங்கள் வளவில் ஒரு மெசி பெர்குசன் 240 உழவு இயந்திரம் நிற்கிறது. கட்டட வேலைத்தலங்களுக்குத் தண்ணீர் பவுசர் இழுப்பதுதான் அதன் வேலை. மழைக்காலத்தில் சில வாரங்கள் வேலையில்லாமல் வெளியிலேயே நின்றது. இப்போது ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. பற்றரி புதிது. பார்க்க வந்த மெக்கானிக், டீசல் பம்பைக் கழற்றி, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். பம்ப்தான் பழுதா, வேறு ஏதாவது இருக்குமா?

பதில்:

தம்பி, பம்பைக் கழற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். அந்த மெக்கானிக் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பம்ப் பழுதாகவும் இருக்கலாம். ஆனால் நிறுத்திய அன்று நன்றாக ஓடிய எஞ்சின், நின்ற இடத்திலேயே பம்பைக் கெடுத்துக்கொள்வது அரிது. நிற்கும் காலத்தில் நடப்பவை வேறு. தாங்கிக்குள் நீர் சேரும். குழாய் மூட்டுகளில் டீசல் கசிந்து எயார் புகும். கேபிள் துருப்பிடிக்கும். எலி வயரைக் கடிக்கும், குளவி கூடு கட்டும். இவற்றில் எதற்கும் பஞ்சிகாவத்தை வரை போக வேண்டியதில்லை. சில ஸ்பானர்களும் ஒரு டோர்ச்சும் இருந்தால் உங்கள் வளவிலேயே பார்த்துவிடலாம். பம்பைத் திறந்து மூடுவது செலவு பிடிக்கும் வேலை. அரைகுறையாகத் தெரிந்தவர் கையில் கொடுத்தால் நல்ல பம்பும் கெட்டுத் திரும்பும். அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

உங்கள் 240இல் இருப்பது பெரும்பாலும் பேர்க்கின்ஸ் ஏ.டீ.3.152 வகை எஞ்சின். மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், ஏறத்தாழ 2.5 லீற்றர். பழைய 135இல் இருப்பதும் இதே குடும்பம்தான். ஆகவே இங்கே எழுதுவது அதை வைத்திருப்பவர்களுக்கும் உதவும். டீசல் எஞ்சினில் தீப்பொறி தருவதற்குப் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு மடங்குக்கும் மேலாக நெருக்கும்போது அது 500 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலை நுண்ணிய துளிகளாகத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றவேண்டும், காற்று நன்றாக நெருங்கவேண்டும், உரிய நேரத்தில் டீசல் தூவப்படவேண்டும். இந்த மூன்றும் கூடினால் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க வழியில்லை. எது கூடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு முன்னால் மழையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 240இன் சைலன்சர் பெரும்பாலும் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். மேலே மூடி இல்லாவிட்டால் நம்மவர்கள் ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்து வைப்பார்கள். மிகவும் நல்ல பழக்கம். டின் காற்றில் பறந்துபோன நாளில் மழை நேரே உள்ளே இறங்கும். எஞ்சின் நிற்கும்போது ஏதாவதொரு சிலிண்டரின் எக்சோஸ்ட் வால்வு திறந்த நிலையில் இருந்தால் நீர் பிஸ்டனின் தலைவரை போய்ச் சேரும். நீரை நெருக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினாலோ, இன்னொரு வண்டியால் கட்டி இழுத்தாலோ, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். உங்கள் ஸ்டார்ட்டர் தடையின்றிச் சுற்றுகிறது என்பதால் சிலிண்டர் நிரம்ப நீர் இல்லை என்று கொள்ளலாம். ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது, நெடுநாள் மழையில் நின்ற எஞ்சின் ‘டக்’ என்று ஓர் ஒலியுடன் பாதியில் நின்றுவிட்டால், தயவுசெய்து இரண்டாம் முறை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, நீர் வருகிறதா என்று பாருங்கள். ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் நீர் கீழே இறங்கிவிட்டது. ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டக்கூடாது. அளவு கூடியிருந்து டீசல் மணம் அடித்தால், தாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய லிப்ட் பம்பின் டயபிராம் (சவ்வு) கிழிந்து, டீசல் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குள் வடிகிறது. அதுவும் ஓட்டுவதற்கு முன் சரிசெய்யவேண்டிய விடயம்.

இனிப் புகை. ஒருவரை ஆசனத்தில் உட்கார வைத்து, திரொட்டிலை முழுவதும் திறந்து, பத்துப் பதினைந்து வினாடி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி நின்று சைலன்சரின் வாயைப் பாருங்கள். பின்னால் இருட்டான மரமோ சுவரோ இருந்தால் மெல்லிய புகையும் தெரியும். புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. வெள்ளையாக, கண்ணை எரிக்கும் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. இரண்டும் முற்றிலும் வேறு வேறு நோய்கள். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் பம்பில் கை வைப்பவர் குருட்டுக்கணக்குப் போடுகிறார். பதினைந்து வினாடிக்கு மேல் ஒரேயடியாகச் சுற்றவேண்டாம். ஒவ்வொரு முறைக்குப் பின்னும் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். ஸ்டார்ட்டரின் சுருள்கள் மிக விரைவில் சூடேறும்.

நீங்கள் சொன்ன கதையை வைத்துப் பார்த்தால் புகை வராது என்றுதான் நினைக்கிறேன். ஆகவே அதை முதலில் விரிவாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டொப் கேபிளைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்த நீங்கள் இழுக்கும் குமிழ், ஒரு கம்பியால் பம்பின் மேலுள்ள சிறிய லீவரை அசைக்கிறது. வத்தளை கடலுக்கும் களனி கங்கைக்கும் நடுவில் இருக்கும் இடம். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து அந்தக் கம்பியை உறைக்குள்ளேயே துருப்பிடிக்க வைத்துவிடும். குமிழை உள்ளே தள்ளினால் அது உள்ளே போகும்; ஆனால் கம்பி வளைந்து கொடுக்குமே தவிர, பம்பிலுள்ள லீவர் ‘நிறுத்து’ நிலையிலேயே இருக்கும். ஆசனத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரி. எனவே ஒருவர் குமிழைத் தள்ளும்போது இன்னொருவர் பம்புக்குப் பக்கத்தில் நின்று லீவர் முழுவதுமாகத் திரும்புகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு லீவரை விரலால் ஓடும் நிலைக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்து பாருங்கள். திறப்பைத் திருப்பினால் எஞ்சின் நிற்கும் வகை என்றால் பம்பில் டீசலை மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலனொயிட் இருக்கும். திறப்பைப் போடும்போது அதிலிருந்து ‘கிளிக்’ என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அதன் வயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் விளக்கால் பாருங்கள். எலி கடித்த வயர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அகப்படும்.

அடுத்து தாங்கி. மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடுகிறதா? மூடியில் காற்றுப் போக ஒரு நுண்ணிய துளை இருக்கவேண்டும். மழைநீர் இறங்காமல் இருக்க மூடிக்கு அடியில் பொலித்தீன் பையை வைத்து இறுக்கும் வழக்கம் கொழும்பில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பேலியகொடையில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆவதும் சிறிது நேரத்தில் நிற்பதுமாக இருந்தது. பம்பும் இன்ஜெக்டரும் மாற்றிய பிறகும் அதே கதை. பொலித்தீனை எடுத்ததும் ஓடத் தொடங்கியது. செலவழித்த பணம் செலவழித்ததுதான்.

தாங்கியின் அடியிலுள்ள டீசலில் கொஞ்சத்தை ஒரு சுத்தமான கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணிநேரம் அசைக்காமல் வையுங்கள். டீசலை விட நீர் கனமானது. இருந்தால் அடியில் தெளிவாகக் கோடு விழும். பாதி நிரம்பிய தாங்கியில் இரவில் ஈரக்காற்று குளிர்ந்து சுவரில் நீராகப் படியும், நாளடைவில் அது அடியில் சேரும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. பில்டர் கிண்ணத்தைத் திறக்கும்போது கருப்பட்டிப் பாகுபோல் கறுத்து வழுவழுப்பாக ஒட்டிக்கொள்வது அதுதான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். பங்கீடு வந்த காலத்தில், கிடைத்ததையெல்லாம் கேனிலும் பீப்பாயிலும் சேர்த்துவைக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. இன்னும் விடவில்லை. துருப்பிடித்த பீப்பாயின் அடியில் கிடந்த டீசலை ஊற்றியிருந்தால் பழுதின் காரணம் அங்கேயே இருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்த டீசலும் வேண்டவே வேண்டாம். இந்தப் பம்புக்கு வேறு ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெய் அந்த வழுவழுப்பைக் குறைத்து, பம்பின் உள்பாகங்களைத் தேய்த்துவிடும்.

தாங்கியிலிருந்து வரும் குழாயை லிப்ட் பம்புக்குப் பக்கத்தில் கழற்றுங்கள். 240இல் தாங்கி எஞ்சினுக்கு மேலே இருப்பதால் டீசல் தன் கனத்திலேயே நன்றாக ஓடிவரவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் தாங்கியின் குழாய்ப் பூட்டிலோ அதற்குள் இருக்கும் வலையிலோ துருச்செதில் அடைத்திருக்கிறது. நன்றாக வந்தால் குழாயை மாட்டிவிட்டு, லிப்ட் பம்பின் கைலீவரை அடித்துப் பாருங்கள். லீவர் எதிர்ப்பே இல்லாமல் தளர்வாக ஆடினால் உடனே டயபிராம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கேம் அதை ஏற்கெனவே தூக்கிப் பிடித்திருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். இது தெரியாமல் நல்ல லிப்ட் பம்பை மாற்றியவர்கள் ஏராளம்.

பில்டரை அண்மையில் மாற்றினீர்களா? அப்படியென்றால் அங்கே சந்தேகம் இன்னும் கூடுகிறது. சீ.ஏ.வீ. என்ற நிறுவனத்தின் வகைப் பில்டரில் மேலும் கீழுமாக ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. பழைய வளையம் மேல்மூடியின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை அதன்மேல் வைத்து இறுக்கினால் மூட்டு சரியாக அமராது. ஓடும்போது தெரியாது. சில நாள் நின்றால் அந்த இடுக்கு வழியாக டீசல் வெளியே கசிய, அதன் இடத்தில் எயார் போய் உட்கார்ந்துவிடும். பில்டர் தலையைச் சுற்றி விரலால் தடவுங்கள். ஈரத்தில் புழுதி ஒட்டிக் கறுத்த பூச்சு இருந்தால் எயார் புகும் வழி அதுதான். குழாய்களைப் பூட்டும் துளைப் போல்ட்டுகளின் இருபுறமும் உள்ள செப்பு வோஷர்களையும் பாருங்கள். அவை ஒருமுறை நசுங்கியபின் மறுபடி சரியாக அடைக்காது. விலை அற்பம், புதிதாகப் போடுங்கள்.

இனி எயார் எடுப்பது, அதாவது டீசல் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பம்பின் பின்பக்கத்திலிருந்து மூன்று குழாய்களும் வட்டமாகப் பிரிந்து போனால் உங்களுடையது சீ.ஏ.வீ. டீ.பீ.ஏ. பம்ப். குழாய்கள் ஒரே வரிசையில் நிமிர்ந்து நின்றால் அது வேறு வகை. எயார் எடுக்கும் திருகுகள் இருக்கும் இடமும் வேறு. டீ.பீ.ஏ.யில் திருகுகள் இரண்டு: ஒன்று பம்பின் உடலின் பக்கவாட்டில், மற்றது மேலே, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூடியில். இரண்டும் சின்னவை, எளிதில் முறியும். இந்த எஞ்சினில் அங்குல அளவு ஸ்பானர்தான் சரியாகப் பிடிக்கும். மில்லிமீற்றர் ஸ்பானரை வைத்து முனையை மழுக்கிவிடாதீர்கள். சுற்றுப்புறத்தை முதலில் டீசலால் கழுவித் துடையுங்கள். திறந்த பம்புக்குள் ஒரு மணல் துகள் போனாலும் அது உங்களுக்குப் புதிய செலவு.

முதலில் பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி லிப்ட் பம்பின் கைலீவரை அடியுங்கள். தொடக்கத்தில் வெறும் நுரை வரும். பிறகு டீசல் ஓடும், நடுவில் விட்டுவிட்டுக் குமிழ்கள் வெடிக்கும். ‘டீசல் வந்துவிட்டது’ என்று இந்த இடத்தில் மூடிவிடுகிறவர்கள்தான் மறுநாளும் எயார் எடுக்கிறார்கள். குமிழ் அடியோடு நின்று, டீசல் தெளிந்து, அறாமல் வழியும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருங்கள். அடிக்கும் கை நிற்காத நிலையிலேயே திருகை இறுக்குங்கள். பிறகு பம்பின் பக்கவாட்டுத் திருகு, அதன்பின் மேல்திருகு, ஒவ்வொன்றிலும் அதே பொறுமை. எவ்வளவு அடித்தும் குமிழ் நிற்கவில்லையா? எயார் புகும் வழி இன்னும் திறந்திருக்கிறது. பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்ணால் காணலாம்.

கடைசியாக இன்ஜெக்டர் பக்கத்து நட்டுகளில் இரண்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஸ்டொப் குமிழ் உள்ளே, திரொட்டில் முழுவதும் திறந்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நட்டின் அடியில் டீசல் துடித்துத் துடித்து வெளியே வரவேண்டும். வந்தால் நட்டுகளை இறுக்கி மறுபடி சுற்றுங்கள். பெரும்பாலும் இங்கேயே எஞ்சின் ஓரிரு சிலிண்டரில் தடுமாறிப் பிடித்துக்கொள்ளும். இந்த வேலையின்போது முகத்தையும் கையையும் நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் 170 பார் அளவைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஓர் ஊசிப்புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விரலை இழந்தவர்கள் பெரும்பாலும் ‘சின்னக் கீறல்தானே’ என்று காத்திருந்தவர்கள்.

இவ்வளவையும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், அல்லது பார்த்தும் குழப்பமாக இருந்தால், ஒரு சோதனை போதும். சுத்தமான ஐந்து லீற்றர் கேனில் நிரப்பு நிலையத்திலிருந்து வாங்கிய புது டீசலை ஊற்றி, எஞ்சினை விட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு குழாயால் நேரே பில்டருக்குள் கொடுங்கள். எயார் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் எடுத்தால் உங்கள் பம்ப் நல்ல பம்ப். குற்றம் தாங்கி, குழாய், லிப்ட் பம்ப் மூன்றுக்குள் இருக்கிறது. பம்பைக் கழற்றச் சொல்லும் எந்த மெக்கானிக்கிடமும் இதை முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்ய மறுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

வெள்ளைப் புகை வந்தால் கதை வேறு. டீசல் போகிறது, சூடு போதவில்லை. பற்றரி புதிது என்கிறீர்கள்; புதிய பற்றரி இருந்தும் மெதுவாகச் சுற்றும் எஞ்சின்கள் பல. மல்டிமீட்டரை எடுத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரியின் முனைகளில் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. அது சரியாக இருந்து சுற்று மந்தமாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்துச் சுற்றுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரின் மூட்டில் துருவோ பச்சைக் களிம்போ பிடித்திருக்கிறது. கழற்றி, உரசி, வாசலின் பூசி இறுக்குங்கள். மந்தமாகச் சுற்றினால் நெருங்கும் காற்று பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒழுகவும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. நிமிடத்துக்கு நூற்றைம்பது, இருநூறு சுற்றுகளுக்குக் குறைந்தால் நல்ல எஞ்சினும் எடுக்கச் சிரமப்படும்.

இங்கே சிலர் ஹீட்டர் பழுது என்பார்கள். காற்று உள்ளே போகும் இன்டேக் மனிபோல்டில், அந்தக் காற்றைச் சூடாக்க வைத்திருக்கும் தெர்மோஸ்டார்ட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நுவரெலியாவில் விடியற்காலையில் அது வேண்டியிருக்கலாம். கொழும்பின் மிகக் குளிர்ந்த இரவிலும் நேரடியாகச் சிலிண்டருக்குள் தூவும் இந்த எஞ்சினுக்கு அதன் துணை தேவையில்லை. அது இல்லாமல் இங்கே எடுக்காத எஞ்சினுக்கு வேறு குறை இருக்கிறது.

எயார் கிளீனரைத் திறந்து பாருங்கள். ஆயில் கிண்ணத்தில் மழைநீர் நிறைந்து அடைத்திருக்கலாம், குழாயில் எலி துணி சேர்த்திருக்கலாம். அதுவும் சுத்தம் என்றால் கொம்பிரஷன், அதாவது சிலிண்டரில் காற்று நெருங்கும் அழுத்தம். இன்ஜெக்டர் துளையில் மீட்டர் பொருத்தி அளக்கக்கூடிய கராஜ்களில் செய்யலாம். மீட்டர் இல்லையென்றால், சிலிண்டர் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். அதன்பின் எடுத்தால் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன அல்லது ஒட்டியிருக்கின்றன. மாற்றம் இல்லையென்றால் வால்வுப் பக்கம் பாருங்கள். சைலன்சர் வழியாக மழை இறங்கிய எஞ்சினில் எக்சோஸ்ட் வால்வு துருவால் பாதியில் சிக்கி நிற்பது உண்டு. இன்ஜெக்டரைக் கழற்றியபோது அதன் அடியில் இருந்த செப்பு வோஷர் குழிக்குள்ளேயே தங்கிவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டு வோஷர் அடுக்கினால் நுனி சரியான ஆழத்தில் நிற்காது.

செய்யக்கூடாதவற்றைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். அதிலுள்ள ஈதர், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்துப் பற்றும், வளையம் முறியும். தெர்மோஸ்டார்ட் சூடாக இருக்கும்போது அடித்தால் மனிபோல்டிலேயே தீப்பிடிக்கும். வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம்; சிலிண்டரில் நீர் இல்லை என்று உறுதியாகாத நிலையில் அது எஞ்சினைக் கொல்லும் வழி. எல்லாவற்றிலும் கொடியது, ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் இணைப்பது. ஹை-லோ கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டுமே ஸ்டார்ட்டர் சுற்றும்படி இந்த வண்டியில் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். தரையில், பின்சில்லுக்கு முன்னால் நின்றுகொண்டு ஸ்குரூ டிரைவரை வைக்கிறவர் அந்தப் பாதுகாப்பைத் தாண்டிவிடுகிறார். வண்டி கியரில் இருந்து, எஞ்சின் பிடித்துக்கொண்டால், அது அவர் மேலேயே ஏறிப்போகும். உலகம் முழுவதும் உழவு இயந்திரங்கள் இப்படி ஆட்களைக் கொன்றிருக்கின்றன. சுவிட்ச் பழுதென்றால் சுவிட்சை மாற்றுங்கள். உங்கள் மெக்கானிக் இப்படிச் செய்வதைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். வயதில் மூத்தவர் என்று தயங்காதீர்கள்.

அப்படியானால் பம்பை எப்போது சந்தேகிப்பது? பம்பின் வாய் வரைக்கும் தெளிந்த டீசல் குமிழில்லாமல் வருகிறது, ஸ்டொப் லீவர் சரியான இடத்தில் இருக்கிறது, கேனிலிருந்து கொடுத்தும் பார்த்தாயிற்று, இன்ஜெக்டர் நட்டில் மட்டும் ஒன்றும் வரவில்லை. இப்போதுதான் பம்பின் முறை. நின்ற வண்டிகளில் அதற்குள் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு காய்ந்த டீசலில் ஒட்டிக்கொள்வது உண்டு. திரொட்டில் லீவரைப் பலமுறை முன்னும் பின்னும் அசைத்து, பம்பின் உடலை மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் சில சமயம் விடுபடும். உள்ளே நீர் போய்த் துருவேறி, சுழலும் பாகமான ரோட்டர் இறுகியிருந்தால் எந்தத் தட்டலும் உதவாது.

தேய்ந்த பம்ப் வேறு விதமாகத் தன்னைக் காட்டும். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், வேலை செய்து சூடானபின் நிறுத்தினால் மறுபடி எடுக்காது, ஆறியதும் எடுக்கும். சூட்டில் டீசல் மெலிந்து ரோட்டரின் தேய்ந்த இடைவெளி வழியாக ஒழுகிவிடுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் குளிரவைத்து, அதன்பின் எடுக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகும். உங்கள் வண்டி மழைக்கு முன் இப்படித் தொல்லை கொடுத்ததா என்று ஓட்டுநரைக் கேளுங்கள். இல்லையென்றால் தேய்மானம் இப்போதைய காரணம் அல்ல.

கழற்றத்தான் வேண்டும் என்று வந்துவிட்டால், பம்பின் விளிம்பிலும் எஞ்சினின் முன்மூடியிலும் உள்ள டைமிங் கோடுகள் நேராக இருப்பதைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கோடு இல்லையென்றால் கழற்றும் முன் நீங்களே கூர்மையான உளியால் ஒன்று போடுங்கள். பம்பின் உடலில் பொருத்தியிருக்கும் எண்தகட்டையும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்; பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் கேட்டால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள். திறந்த துளைகளைச் சுத்தமான மூடியால் அடையுங்கள், துணியைத் திணிக்காதீர்கள். இன்ஜெக்டர் மூன்றையும் சேர்த்தே கொண்டுபோய் அழுத்தமும் தூவலும் பார்க்கச் சொல்லுங்கள். பம்பைச் சோதனை மேசையில் ஓட்டும் நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்தில் நீங்களும் போய் நில்லுங்கள். திறப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. நல்ல கடைக்காரர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

பம்ப் திரும்பி வருவதற்குள் தாங்கியைக் கழற்றிக் கழுவி, குழாய்களை ஊதி, பில்டர்களையும் வோஷர்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழுதுபார்த்த பம்பைப் பழைய அழுக்கு டீசலோடு இணைத்தால் அதே தொல்லை மறுபடி வரும். முதல் ஸ்டார்ட்டைத் தொங்கவிட்ட கேனிலிருந்தே கொடுங்கள். எஞ்சின் சீராக ஓடி, குழாய் மூட்டுகளில் கசிவு இல்லையென்று பார்த்த பிறகு தாங்கிக்கு மாற்றுங்கள்.